அனுப்பும் வண்டியும் காக்கும் பெட்டியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் ஒழுக்கத்தைப் பற்றியும் ஊக்கத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை இரண்டையும் உங்கள் ஆசிரியர்கள் ஆண்டு முழுதும் சொல்லிக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டுக் கொண்டதோ வேறு. "நீங்க கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவங்க. பெற்றோருக்கும் பிள்ளைங்களுக்கும் நாளைக்கே உதவுற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க" என்றார்கள். ஆகவே, நாளைக்குக் காலையில் நம் எல்லாருக்கும் வரப்போகும் ஒரு தொல்லையைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறேன்.

அது என்ன தொல்லை? இந்த மண்டபத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். மேடையில் பிள்ளைகள் ஆடும்போது கீழே எத்தனை கைப்பேசிகள் உயர்ந்தன! நாளைக்குப் பொழுது விடிந்ததும், ஈப்போவில் இருக்கும் அத்தை கேட்பார், "நம்ம பாப்பா ஆடினதை அனுப்பி வை." சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா கேட்பார், "முழுசா அனுப்புப்பா, துண்டு துண்டா வேணாம்." நாமும் புலனத்தில், அதாவது வாட்சாப்பில், அனுப்பிப் பார்ப்போம். ஒன்று போகாது; போனாலும் படம் மங்கிப் போயிருக்கும். "என்னா இது, பேய்ப்படம் மாதிரி இருக்கு" என்று பதில் வரும். அப்போது யாராவது ஒருவர், "இலவசமா பெரிய ஃபைல் அனுப்புற சர்வீஸ் இருக்கு, அதுல போடு" என்பார். எதில் போடுவது, எதை நம்புவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கோப்பு ஏன் கனக்கிறது என்பதைப் புரிந்து கொள்வோம். ஒரு சாதாரண ஒளிப்படம் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். திருக்குறள் 1330 குறளையும் வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்தால், அது அந்த ஒரு படத்தின் அளவுகூட வராது. ஆனால் காணொளி அப்படியன்று. நல்ல தெளிவில் எடுத்தால், கைப்பேசியைப் பொறுத்து, ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் ஆகும். அரை மணி நேர நாடகம் என்றால் 3000 மெகாபைட், அதாவது 3 ஜிகாபைட். ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு இணைத்து அனுப்பக் கூடியது 25 மெகாபைட் மட்டுமே. சைக்கிளின் பின்னால் நூறு கூடை கோசை ஏற்ற முடியுமா? முடியாதல்லவா. அதனால்தான் லோரி தேவைப்படுகிறது.

லோரி என்று சொன்னதும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கும் நம் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி புறப்பட்டால், மலை இறங்கி, செலாயாங் மொத்தச் சந்தை வரைக்கும் போகிறது. லோரிக்காரர் சரக்கை ஏற்றுவார், இறக்குவார். இறக்காமல் போட்டு வைத்தால் மூன்றாம் நாள் கோசு அழுகிவிடும். "என் கோசை ஆறு மாசம் வண்டியிலேயே வெச்சிரு" என்று எவரும் அவரிடம் கேட்பதில்லை. இணையத்தில் இருக்கும் இலவசச் சேவைகளில் பெரும்பாலானவை இந்த லோரியைப் போன்றவை. ஏற்றி இறக்கத்தான் அவை இருக்கின்றன. நம்மவர்களோ அவற்றைத் தானியக் கிடங்கு என்று நினைத்துக் கொள்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

வெட்கமில்லாமல் ஒரு கேள்வி கேட்போம். யாரோ முன்பின் தெரியாத கம்பெனிக்காரர் நமக்கு ஏன் இலவசமாக இடம் தருகிறார்? தரும சத்திரமா நடத்துகிறார்? கோப்பு தங்கும் கணினிக்கு மின்சாரக் கட்டணம் உண்டு, இடவாடகை உண்டு, ஆள் சம்பளம் உண்டு. அந்தச் செலவை யாராவது கட்டியாக வேண்டும். சிலர் விளம்பரம் காட்டி ஈட்டுகிறார்கள். சிலர் கொஞ்சம் இடத்தை இலவசமாகக் கொடுத்து, அது நிரம்பியதும் "மாதம் இத்தனை வெள்ளி கட்டுங்கள்" என்கிறார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் செலவு கட்டுப்படியாகாத நாளில் இலவசம் சுருங்கும், அல்லது நின்று போகும். இதை நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. நடந்தவற்றையே சொல்கிறேன்.

மெகாஅப்லோட் என்று ஒரு தளம் இருந்தது. உலகமெங்கும் கோடிக் கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். பதிப்புரிமை மீறல் வழக்கில் அமெரிக்க அரசு 2012 ஜனவரி 19ஆம் நாள் அதை முடக்கியது. திருட்டுப் படம் வைத்திருந்தவர்களோடு சேர்ந்து, தங்கள் சொந்தக் குடும்பப் படங்களை வைத்திருந்தவர்களும் மாட்டிக் கொண்டார்கள். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்பார்களே, இங்கே புல்லோடு நெல்லும் காய்ந்தது. அதே போல் பெயர் பெற்றிருந்த ரேபிட்ஷேர் 2015 மார்ச் இறுதியில் கடையைச் சாத்தியது.

மொசில்லா நிறுவனம் 2019 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் சென்ட் என்று ஒரு சேவையைத் தொடங்கியது. மிக நல்ல சேவை. கணக்கு இல்லாமலே 1 ஜிகாபைட், கணக்கோடு 2.5 ஜிகாபைட் அனுப்பலாம். கோப்பைப் பூட்டு போட்டே அனுப்பும். ஆனால் கெட்டவர்கள் அதே பூட்டுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு நச்சு நிரல்களை அனுப்பத் தொடங்கினார்கள். 2020 ஜூலையில் சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. செப்டம்பரில் அடியோடு மூடப்பட்டது. ஒன்றரை ஆண்டுதான் ஆயுள்! நல்லவர் நடத்தும் சேவையும் நிற்கலாம் என்பதற்கு இது சான்று.

பலரும் அறிந்த விடிரான்ஸ்ஃபர் 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் தோன்றியது. பல ஆண்டுகளாக 2 ஜிகாபைட் வரை இலவசம், ஏழு நாள் தவணை என்று இருந்தது. 2024இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் அதை வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் இலவச விதி மாறியது: முப்பது நாளில் மொத்தம் 3 ஜிகாபைட், பத்து முறை மட்டும், தவணையோ மூன்று நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு நான் லிங்க் அனுப்புகிறேன். ஜொகூரில் இருக்கும் என் தம்பி இரண்டு ஷிப்டு வேலை முடித்து வியாழக்கிழமை திறக்கிறான். அதற்குள் லிங்க் செத்துப் போயிருக்கும். 2025 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. நாம் அனுப்பும் கோப்புகளை எந்திரக் கற்றலுக்குப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் ஒரு வாசகம் அதன் புதிய விதிமுறையில் இருந்தது. பலர் கண்டித்த பின் அந்த வாசகத்தை நீக்கினார்கள். விதிமுறையைப் படிக்க நாலு பேராவது இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை சார்" என்பீர்கள். நம் நாட்டுப் பள்ளிக்கூடத்துக் கதைக்கே வருகிறேன். நம் பள்ளிகளில் ஃபுரோக் விஎல்இ என்ற கற்றல் தளம் பல ஆண்டுகள் இருந்தது ஆசிரியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2019 ஜூன் இறுதியோடு அந்தத் திட்டம் முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து கூகள் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் டெலிமா என்ற தளத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. பாடம் தயாரித்து ஓரிடத்தில் போட்டு வைத்தவர்கள், அதை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டி வந்தது. கையில் ஒரு பிரதி வைத்திருந்தவருக்கு அது அரைநாள் வேலை. வைத்திராதவருக்குப் பெரும் பாடு. கூகள் நிறுவனமும் கல்விக் கணக்குகளுக்குக் கொடுத்து வந்த வரம்பில்லா இடத்தை நிறுத்தி, 2022 ஜூலை முதல் ஒரு கல்வி அமைப்புக்கு அடிப்படையாக 100 டெராபைட் என்று பொது வரம்பு வைத்தது. பொதுமக்களுக்கு 2015 முதல் கொடுத்த கணக்கில்லாத ஒளிப்பட இடமும் 2021 ஜூன் 1ஆம் நாளோடு நின்றது. பெரிய கம்பெனி என்பதால் இலவசம் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே, எந்தச் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒரு விரலுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக் கொண்டால் மறக்காது.

முதலாவது, எவ்வளவு பெரிய கோப்பு போகும்? இரண்டாவது, எத்தனை நாள் இருக்கும்? மூன்றாவது, வாங்குகிறவருக்கு என்ன சிரமம்? அதாவது, அவர் புதிதாகக் கணக்குத் திறக்க வேண்டுமா, வயதான பெரியம்மாவால் முடியுமா? நான்காவது, வேறு யார் யார் பார்க்க முடியும்? ஐந்தாவது, நாளைக்கே இந்தச் சேவை நின்று போனால் என் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

இந்த ஐந்துக்கும் ஒரே சேவை நல்ல பதில் சொல்லாது. வேலைக்குத் தகுந்த கருவி வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்கும் கவ்வாத்து வெட்டுவதற்கும் ஒரே கத்தியா வைத்திருக்கிறோம்? வகை வகையாகப் பார்ப்போம்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதென்றால் இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குவிக் ஷேர் இருக்கிறது. ஐபோன்களில் ஏர்டிராப் இருக்கிறது. இரண்டு பேரும் அருகருகே நின்றால் காணொளி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவிவிடும். டேட்டா செலவு இல்லை, தெளிவும் குறையாது. மலை மடிப்பில் வசிக்கும் நமக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 3 ஜிகாபைட் காணொளியை, நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிவேற்றினால் 80 நிமிடம் ஆகும். மழை வந்து லைன் அறுந்தால் சில சேவைகளில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே காணொளியை இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன் அடுத்த நாற்காலிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். பக்கத்து லயத்துக்குப் போவதற்கு யாராவது டாக்சி பிடிப்பார்களா?

வெளியூரில் இருக்கும் ஒருவர் இருவருக்குப் படம் அனுப்பப் புலனம் போதும். ஆனால் படமாக அனுப்பாதீர்கள். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் புலனம் அதைச் சுருக்கி அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடியே போகும். 2022 முதல் அதில் 2 ஜிகாபைட் வரை அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். டெலிகிராமிலும் ஒரு கோப்புக்கு 2 ஜிகாபைட் வரை அனுப்பலாம். "பேய்ப்படம்" என்ற குறை இந்த ஒரு மாற்றத்தால் தீர்ந்துவிடும்.

பல பேருக்கு ஒரே முறை அனுப்ப வேண்டும், அவர்கள் உடனே இறக்கிக் கொள்வார்கள் என்றால் விடிரான்ஸ்ஃபர் போன்றவை உதவும். வாங்குகிறவருக்குக் கணக்கு தேவையில்லை. லிங்கைத் தொட்டால் இறங்கும். தவணை முடியும் நாளைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்: "புதன்கிழமைக்குள்ள இறக்கிக்குங்க, அப்புறம் கிடைக்காது."

சில வாரமோ சில மாதமோ இருக்க வேண்டும், பலர் பல நாளில் வந்து எடுப்பார்கள் என்றால் கூகள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், மெகா போன்றவை பொருந்தும். இலவச அளவு கூகளில் 15 ஜிகாபைட், ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2, மெகாவில் 20. இவற்றிலும் நெளிவு சுளிவு உண்டு. கூகளின் 15 என்பது கடிதம், படம், கோப்பு மூன்றுக்கும் சேர்த்து. விழாக் காணொளியால் அது நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் வந்து சேராது. மகனுக்கு வேலைக்கான அழைப்புக் கடிதம் வர வேண்டிய நேரத்தில் இப்படி ஆகிவிடக் கூடாது. மெகாவில் கோப்பு நம் கடவுச்சொல்லாலேயே பூட்டப்படுகிறது. அது பாதுகாப்புத்தான். ஆனால் கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் இரண்டையும் தொலைத்துவிட்டால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறந்து தர முடியாது.

இன்னொன்று: கூகளின் தனியார் கணக்கு ஒன்று இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் அதை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. விழாவுக்கென்று ஒரு கணக்குத் திறந்து, அதைத் திறந்தவர் மாற்றலாகிப் போய், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுவது பல சங்கங்களில் நடப்பதுதான். ஆகவே, பள்ளிக்கென்று ஒரு கணக்கு இருந்தால், அதன் கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பரிசளிப்பு விழா அன்றைக்காவது, திறந்து பாருங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது நான்காவது கேள்வியை: யார் பார்க்கலாம்?

தாய்மார்களே, தயவு செய்து கேளுங்கள். டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும்போது, "லிங்க் உள்ள எவரும்" என்று ஒரு வழியும், "இன்னார் மட்டும்" என்று ஒரு வழியும் இருக்கும். முதல் வழி சுலபம். ஆனால் அந்த லிங்க் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவி, யார் யார் கைக்கோ போய்ச் சேரும். நம் பிள்ளையின் முகம், சட்டையில் பெயர், பின்னால் பள்ளிப் பெயர்ப் பலகை, எத்தனையாம் ஆண்டு வகுப்பு என்ற விவரம், எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் ஒருவன் நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு படம் போதும். தெருவில் ஒருவன் கேட்டால் இந்த விவரங்களைச் சொல்லுவோமா? இணையத்தில் மட்டும் ஏன் வாரி இறைக்க வேண்டும்? பிள்ளைகள் படத்தை "இன்னார் மட்டும்" என்ற வழியில் பகிருங்கள். மற்றவர் பிள்ளையும் அந்தப் படத்தில் இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றின் நகலைப் பெயர் தெரியாத இலவசத் தளங்களில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க அனுப்பத்தான் வேண்டும் என்றால், கேட்டவர் சொன்ன வழியில் மட்டும் அனுப்புங்கள்.

வருகிற லிங்கிலும் எச்சரிக்கை வேண்டும். "உங்களுக்கு ஒரு கோப்பு வந்திருக்கிறது" என்று யார் பெயரிலோ செய்தி வரும். கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே என்று முடியும் கோப்பை அனுப்பி, தொட்டவரின் வங்கிப் பணத்தைச் சுரண்டிய மோசடிகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அழைப்பிதழ் படமாக வரும், ஏபிகேயாக வராது. அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திறங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள். 2022 அக்டோபரில் அதற்கென்றே அமைத்த மையம் அது.

இதுவரை அனுப்புவதைப் பற்றிச் சொன்னேன். இனிக் காப்பதைப் பற்றி. என் மனத்தில் உள்ள உண்மையான கவலை இதுதான்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையை 1885இல் கண்டு எழுதினார். அவர் பெயர் மலைக்கே வைக்கப்பட்டது. 1929இல் ரஸ்ஸல் என்ற துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டும் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டியவர், குழி வெட்டியவர், முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து கிள்ளியவர் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நம் பாட்டன் பாட்டிமார் பெயர் அது. அவர்களைப் பற்றிய சான்று வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கிறது. ஒரு கல்யாணப் படம், ஒரு பழைய சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இன்று தோட்டங்களில் பல லயங்களில் நம்மவர்கள் இல்லை. வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் குடும்பங்கள் மலை இறங்கிப் பல ஊர்களில் பரவிவிட்டன. வீடு மாறும்போது முதலில் தொலைவது பழைய படப் பெட்டிதான்.

இளைஞர் சிலர் அந்தப் படங்களைக் கைப்பேசியால் எடுத்துப் புலனக் குழுவில் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் போட்டதோடு "ஏத்தியாச்சு, பத்திரமா இருக்கு" என்று நினைத்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. குழுவில் வந்தது சுருங்கிய படம். மூன்று மாதம் கழித்து, போன் நிரம்பிவிட்டது என்று யாராவது மொத்தமாக அழிப்பார். வீட்டில் இருந்த மூலப் படமும் கரையான் அரித்துப் போனால் மிஞ்சுவது என்ன?

ஒரே இடத்தில் வைத்ததன் விலை என்ன என்பதைத் தமிழர்களாகிய நாம் நன்றாகவே அறிவோம். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்தச் சோகத்தை உணர்ந்தவர்கள் பிற்காலத்தில் சும்மா இருக்கவில்லை. 2005இல் நூலகம் என்ற மின்னூலகம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இணையத்தில் எல்லாரும் படிக்க வைத்தார்கள். அதற்கும் முன்பு 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சரிபார்த்து, எவரும் இலவசமாக இறக்கிக் கொள்ளும்படி வைத்தார்கள். அவர்களிடம் இன்றைய வேகமான இணையம் இல்லை. ஆனால் ஒரு நூல் பலர் கணினியில் இருந்தது. அந்தப் பரவல்தான் பாதுகாப்பு.

நாமும் அதைச் செய்யலாம். பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர் பரவலாக்கிய ஒரு விதி இருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்பது அதன் சுருக்கம். ஒரு கோப்புக்கு மூன்று பிரதி. அவை இரண்டு வகைப் பொருளில். அவற்றில் ஒன்று வேறு ஊரில். இவ்வளவுதான். இதை நம் பள்ளிக்குப் பொருத்திச் சொல்கிறேன். ஒரு பிரதி பள்ளி அலுவலகத்தின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். இந்த மலையின் ஈரக் காற்று அதைத் தின்னாதபடி காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொரு பிரதி பள்ளியின் டிரைவில் இருக்கட்டும். மூன்றாவது பிரதியை மலை இறங்கிய முன்னாள் மாணவர் ஒருவர் தம் வீட்டில் வைத்துக் கொள்ளட்டும். ஒரு வன்தட்டின் விலை ஒரு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவு. அந்த மூன்றாவது பிரதியை வைத்துக் கொள்ள நான் இந்த மேடையிலேயே சம்மதம் தருகிறேன்.

ஊர் உலகம் பார்க்கலாம் என்று குடும்பத்தார் மனமொப்பிக் கொடுக்கும் பழைய படங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1996 முதல் இயங்கும் இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கமில்லாத மின்னூலகம், பொதுமக்கள் ஏற்றும் ஆவணங்களை இலவசமாக ஏற்றுக் கொள்கிறது. காப்பதே அதன் வேலை. ஆனாலும் 2024 அக்டோபரில் அதன் மீதும் இணையத் தாக்குதல் நடந்து, சில நாள் தளம் திறக்காமல் கிடந்தது. ஆகவே அங்கே ஏற்றினாலும் கையில் பிரதி வேண்டும் என்பதை மறவாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். அது ஊர்ப் பொது மண்டபம், கதவே கிடையாது.

மாணவமணிகளே, உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு விடைபெறுகிறேன். வருகிற விடுமுறையில் உங்கள் வீட்டில் மிகவும் வயதானவரிடம் போய் உட்காருங்கள். "பாட்டி, பழைய போட்டோ இருந்தா காட்டுங்க" என்று கேளுங்கள். வெளிச்சமான இடத்தில் வைத்து, நிழல் விழாமல், நேராகப் படம் எடுங்கள். அதில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக் கொள்ளுங்கள். கோப்புக்கு 'படம் 1', 'படம் 2' என்று பெயர் வைக்காமல், ஆண்டையும் இடத்தையும் பெயரையும் சேர்த்து வையுங்கள். பெயர் எழுதாத படம், இன்னும் இருபது வருஷம் போனால் யாரோ எவரோ படம் ஆகிவிடும். பாட்டி இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. எந்த இலவசச் சேவையும் அந்தப் பெயர்களை உங்களுக்குச் சொல்லாது. பிறகு அதைப் பள்ளிக்குக் கொண்டு வந்து ஆசிரியரிடம் பென்டிரைவில் கொடுங்கள். மூன்று பிரதி எடுப்பதைப் பெரியவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கு என் உளங்கனிந்த பாராட்டுகள். பரிசு பெறாதவர்கள் மனம் தளர வேண்டாம்; நான் சொன்ன இந்த வேலைக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது, எல்லாரும் செய்யலாம். உங்களை வளர்த்து ஆளாக்கும் பெற்றோருக்கும், மலை ஏறி வந்து பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும் தலை வணங்குகிறேன்.